நிற்கும் வண்டி ஓடக்கூடாது

வண்டி மறுபடியும் இருமிவிட்டு அடங்கிப் போனது.

சொட்டு சாவியைப் பின்னுக்குத் திருப்பினார். மறுபடி முன்னுக்குத் திருப்பினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு சுருள் விளக்கு எரிந்தது. குளிர்காலத்தில் டீசல் எஞ்சினுக்குள் கம்பி பழுத்துச் சூடேற வேண்டும், அந்த விளக்கு அணைந்த பிறகுதான் கிளப்ப வேண்டும் என்று கம்பெனி டிரைவர்கள் பேசக் கேட்டிருக்கிறார். பொறுமையாகக் காத்திருந்தார். விளக்கு அணைந்தது. சாவியை முழுதாகத் திருப்பினார்.

"கர்ர்... கர்ர்... கர்" என்றது வண்டி. அதற்கு மேல் பேச அதற்கு விருப்பமில்லை.

ராத்திரி விழுந்த உறைபனி வண்டியின் தலை முதல் கால் வரை வெள்ளையடித்திருந்தது. கண்ணாடி, கதவு, நம்பர் பலகை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு மூடுபனி வேறு. குடியிருப்பின் பின்பக்க முற்றத்தில் நான்கு எட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காது கேட்டது. முற்றத்தின் மறுகோடியில், பனிக்குள் எங்கேயோ, ஒரு டீசல் வண்டி நின்ற இடத்தில் 'டட டட டட' என்று ஓடிக்கொண்டே இருந்தது.

"எவனோ ஒரு மகராசன் வண்டியை ஓடவிட்டுட்டு உள்ளே போய் காப்பி குடிக்கிறான்" என்று பல்லைக் கடித்தார் சொட்டு. "அப்பன் வீட்டு டீசல்!"

அவருக்கு அந்தப் பெயர் வந்ததே டீசலால்தான். ஒரு சரக்குக் கம்பெனியில் பிக்கப் வண்டிகளுக்கு டீசல் அளந்து கொடுக்கும் நாற்காலியில் அவர் நேற்றுவரை உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சொட்டுக்கும் டிரைவர்களிடம் கேள்வி கேட்பார். ஆளுக்கொரு விளக்கு எரிந்த அறையில் ஒரே விளக்கு எரிய வைத்தவர் அவர். வண்டிக்கு ஒரு சாவி எதற்கு என்று எல்லா வண்டிக்கும் ஒரே பூட்டாக மாற்றியவர் அவர். 'நிற்கும் வண்டி ஓடக்கூடாது' என்று ஷெட்டு வாசலில் பலகை எழுதி மாட்டியவரும் அவரே.

"குளிர்ல அணைச்சா மறுபடி எழுந்திருக்காது சார்" என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள்.

"போர்வை போத்து" என்பார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள் சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று கிளம்பியதைக் கேட்டு, கம்பெனியில் சிலர் சிரித்தார்கள், சிலர் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டார்கள். கம்பெனி கழித்துக்கட்டிய இரண்டு வெள்ளைப் பிக்கப்புகளில் ஓடுகிற ஒன்றை அவர் வாங்கிக்கொண்டார். மற்றொன்றில் டீசல் பம்பையே கழற்றியாகிவிட்டது, அது உதிரி பாகத்துக்குத்தான் ஆகும் என்றார் ஸ்டோர்காரர். டப்பாவில் கைவிட்டு இரண்டு சாவிகளை எடுத்து நீட்டினார். வீடு மாற்றுபவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். இன்று முதல் வேலை. ஒரு டீச்சரம்மா வீடு மாறுகிறார். மதியத்துக்குள் பழைய வீட்டைக் காலி செய்து கொடுத்தாக வேண்டும்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். "முதல் வேலையை ஒழுங்கா முடிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியலேன்னா பேசாம ஆபீசுக்குத் திரும்பிப் போயிடணும்." மேனேஜரும் நல்ல மனுஷர். இன்று சாயங்காலம்வரை அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். திரும்பிப் போனால் டிரைவர்கள் வாசலில் நின்று என்ன பாட்டுப் பாடுவார்கள் என்பதைச் சொட்டு நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்பே குளிரைவிட அதிகமாக நடுக்கியது.

காலையே சரியாக விடியவில்லை. எழுந்ததும் பார்த்தால் ஆணியில் மாட்டிய வண்டிச் சாவியைக் காணோம். நல்லவேளை, இன்னொன்று சட்டைப்பையில் இருந்தது. மாமனாரையும் காணோம்.

"அப்பா நடக்கப் போயிருப்பாரு" என்றாள் மனைவி. "அவருக்கு இந்தக் குளிரெல்லாம் ஒரு கணக்கா? நேத்து ராத்திரிதான் எனக்குத் தூக்கமே இல்லை. கீழ்வீட்டு மெக்கானிக் எதையோ சங்கிலி கட்டி இழுத்துட்டு வந்து ஒரே சத்தம்."

"அவரைக் கூப்பிடேன், கிளம்பறதுக்கு முன்னாடி நம்ம வண்டியை ஒருதரம் பார்க்கட்டும்."

"விடியற்காலை பஸ்ஸுக்கே வெளியூர் போயிட்டாங்களே. வீடு பூட்டியிருக்கு."

சொட்டு கீழே இறங்கி வண்டிக்கு வந்தபோது அடுத்த இடி காத்திருந்தது. நேற்று பின்பக்கத் தொட்டியில் போட்டுவைத்த புதுக் கயிற்றுக் கட்டு இல்லை. சீட்டில் மனைவி தைத்துப் போட்ட மெத்தையும் இல்லை.

"வாட்ச்மேன்!" என்று கத்தினார்.

பகல் வாட்ச்மேன் மப்ளருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார்?"

"என் கயிறு எங்கே? மெத்தை எங்கே?"

"நான் இப்பத்தானே சார் வந்து பாயை விரிச்சேன்..."

"பாயை விரிச்சீங்களா? அதான் வண்டி காலியாயிருக்கு!"

வாட்ச்மேன் எழுந்து நின்றார். "சார், என் சர்வீஸ்ல ஒரு செருப்பு காணாமப் போனதில்லை. நீங்க என்னைத் திருடன்னு சொல்லிட்டீங்க. இனிமே உங்க வண்டியை நான் தொட்டா என் பேரை மாத்திக்கறேன்." மப்ளரை மறுபடி சுற்றிக்கொண்டு, சொட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தள்ளுவதற்கு இருந்த ஒரே நல்ல தோள் அப்படிப் போயிற்று.

போன் அடித்தது. டீச்சரம்மா.

"தம்பி, கிளம்பிட்டீங்களா? சாமானெல்லாம் கட்டி வாசல்ல வச்சிட்டேன்."

"கிளம்பிட்டேன் டீச்சர். வழியிலதான் இருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆமா, வண்டி ஓடற சத்தம் கேக்குதே. மெதுவாவே வாங்க, பனி அதிகம்."

சொட்டு பனிக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்த ஊதாரி வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த மாதிரிச் சத்தத்தால் அவருக்கு ஒரு நன்மை நடந்திருந்தது. நன்றி சொல்லத்தான் மனம் வரவில்லை.

வண்டியின் வாயைத் திறந்து உள்ளே என்னதான் ஆயிற்று என்று பார்க்கலாம் என்று நினைத்தார். பானெட் பனியில் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது.

"வெந்நீர் கொண்டு வா!" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மனைவி ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஆவி பறக்கக் கொண்டுவந்தாள். சொட்டு அதை அப்படியே பானெட்டின் மேல் கவிழ்த்தார். பாதி தண்ணீர் முன்கண்ணாடியில் அடித்தது. 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடியின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரு கோடு, அவசரமே இல்லாமல், நடந்து போயிற்று.

இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நேரா எதிர்ல பார்த்தா தெரியாது" என்றார் சொட்டு.

"டிரைவர் வேற எங்கேங்க பார்ப்பாரு?" என்றாள் மனைவி.

பானெட்டில் ஊற்றிய வெந்நீர் இடுக்குகளில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்து கட்டியாகிவிட்டது. முன்பு பனியால் ஒட்டியிருந்த மூடி இப்போது பனிக்கட்டியால் பூட்டப்பட்டிருந்தது. உள்ளே பார்க்கிற பேச்சு அத்தோடு முடிந்தது.

"ஹேர் டிரையர் வச்சுச் சூடு பண்ணினா?" என்று மனைவிதான் யோசனை சொன்னாள். அவளுக்கு இவர் தோற்க வேண்டும் என்று ஆசையில்லை. ஆபீசுக்குத் திரும்பிப் போ என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்கே மனது சரியில்லை.

படிக்கட்டு விளக்குக்குப் பக்கத்திலிருந்த பிளக்கிலிருந்து வயரை இழுத்துவந்தார்கள். அது எட்டவில்லை. இன்னொரு வயரைச் சேர்த்தார்கள். ஹேர் டிரையர் உறுமியது. சொட்டு பானெட்டின் ஓரமாக அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இங்கும் அங்கும் காட்டினார். பனிக்கட்டி உருகியது. உருகிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கி, இரண்டு வயர்களும் சேர்கிற இடத்தில் விழுந்தது.

'பட்' என்றது. ஹேர் டிரையர் நின்றது. படிக்கட்டு விளக்குகள் அணைந்தன. கட்டடத்துக்குள்ளிருந்து யாரோ தகரக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"லிப்ட் நின்னு போச்சு! உள்ளே நான் இருக்கேன்!" குடியிருப்புச் சங்கச் செயலாளரின் குரல். கூட்டங்களில் மைக் இல்லாமல் பேசுகிறவர் என்பதால் முற்றம் முழுவதும் தெளிவாகக் கேட்டது.

அவரை வெளியே எடுப்பதற்குள் ஆபீஸ் புறப்பட்ட பாதிப் பேர் முற்றத்தில் கூடிவிட்டார்கள். செயலாளர் டையைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"யார் வேலை இது?"

ஹேர் டிரையரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வண்டி கிளம்பலே சார்" என்றார் சொட்டு.

"அதுக்கு லிப்டை நிறுத்தினா கிளம்பிடுமா?"

மறுபடி போன். "தம்பி, புதுசா குடிவர்றவங்க வந்துட்டாங்க. அவங்க சாமானும் வாசல்ல, என் சாமானும் வாசல்ல. யார் கட்டில் யாருதுன்னே தெரியலே. எங்கே இருக்கீங்க?"

"பக்கத்துலதான் டீச்சர்."

"அப்பவும் இதே சத்தம்தான் கேட்டுச்சு. நின்ன இடத்துலயே ஓடற மாதிரி இருக்கே?"

"சிக்னல்ல நிக்கறேன் டீச்சர்" என்று சொல்லி அவசரமாகப் போனை வைத்தார் சொட்டு. குற்ற உணர்ச்சியில் அந்தக் குளிரிலும் காது சுட்டது.

"எஞ்சின் உறைஞ்சு போயிருக்கும்" என்றார் மாடிவீட்டுக்காரர் ஒருவர். "கொஞ்ச நேரம் கதகதப்பா மூடி வைங்க."

மனைவி சொட்டைப் பார்த்தாள். சொட்டு தரையைப் பார்த்தார். அவள் மேலே போய், பெட்டியிலிருந்து புதுப் போர்வையை எடுத்து வந்தாள். தங்கை வாங்கிக் கொடுத்தது, சிவப்பில் பெரிய பெரிய பூக்கள் போட்டது, விருந்தாளிகளுக்குக்கூட எடுத்துக் கொடுக்காதது. அதை வண்டியின் மூக்கின் மேல் விரித்து நான்கு பக்கமும் செருகினாள்.

"போர்வை போத்தியாச்சு" என்றாள். அதுவே போதுமானதாக இருந்தது.

போர்வைக்கடியில் வண்டி சுகமாகத் தூங்கியது. மறுபடி சாவியைத் திருப்பியபோது 'கர்' என்பதுகூட வரவில்லை. 'க்ளிக்' என்றது. பாட்டரியும் கையை விரித்துவிட்டது.

"என்னங்க" என்றாள் மனைவி தணிந்த குரலில். "அங்கே ஒரு வண்டி காலையிலேருந்து ஓடிட்டே இருக்கே. அவங்களைக் கேட்டா பாட்டரிக்கு வயர் போட்டுக் குடுப்பாங்க."

"நின்ன இடத்துல டீசல் எரிக்கிறவன்கிட்ட நான் போய்க் கை நீட்டணுமா?" சொட்டின் குரல் உயர்ந்தது. "அந்த மாதிரி ஆளுங்களை நிறுத்தறதுக்குத்தான் நான் பலகையே எழுதினேன். அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். தள்ளியே கிளப்பலாம்!"

முற்றம் வாசல் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. வண்டி கிளம்பாமல் இந்தக் கூத்து ஓயாது என்பதால் எல்லோரும் கைகொடுத்தார்கள். செயலாளர் நடுவில் நின்று "ஒண்ணா, ஒண்ணா!" என்று குரல் மட்டும் கொடுத்தார். வாட்ச்மேன் முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே இருந்தார். சொட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. உருண்டது. வேகம் பிடித்தது. சொட்டு கியரைப் போட்டார். எஞ்சின் ஒருமுறை குலுங்கியதே தவிர உயிர் வரவில்லை. முன்னால் பார்க்கலாம் என்றால் கண்ணாடி முழுக்கப் பனி, பனி இல்லாத இடத்தில் விரிசல், அதற்கு மேல் காற்றில் எழும்பி வந்து ஒட்டிக்கொண்ட சிவப்புப் பூப்போட்ட போர்வை. பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. உறைந்த தரையில் நிதானமாகச் சறுக்கிக்கொண்டு போய், பக்கவாட்டில் திரும்பி, வாசல் தூணில் 'டம்' என்று முட்டி நின்றது.

ஒரு முன்விளக்கு கழன்று கீழே விழுந்து உருண்டது. வண்டி வாசலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு சாண் பாக்கியில்லாமல் அடைத்துக்கொண்டது. இனி யாருடைய வாகனமும் வெளியே போக முடியாது.

பனிக்குள் அந்த வண்டி மட்டும் 'டட டட டட' என்றது.

"பிரமாதம்" என்றார் செயலாளர். "இப்ப யாருமே ஆபீஸ் போக வேண்டாம்."

சொட்டு வண்டியிலிருந்து இறங்கி அதன் படியிலேயே உட்கார்ந்தார்.

"விடு" என்றார் மனைவியிடம். "மேனேஜருக்குப் போன் பண்ணிடறேன். சாயங்காலம்வரைக்கும் நாற்காலி காலியாத்தானே இருக்கும். நாளைக்குப் போய் உட்கார்ந்துக்கறேன். சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்."

நியாயமாகப் பார்த்தால் அவள் சந்தோஷப்பட வேண்டும். அவளுக்கு அழுகைதான் வந்தது.

"வேண்டாங்க" என்றாள். "அந்த நாற்காலிக்குப் போனா, தினம் காலையில குளிர்ல நடுங்கறவங்களைத் திட்டிட்டே உக்காந்திருப்பீங்க. ஒரே ஒரு தடவை அந்த ஆளுகிட்டப் போய்க் கெஞ்சுங்க. அவங்க வண்டியில கட்டி இழுத்தா இது வாசலை விட்டு நகரும். வண்டியையே கொஞ்ச நேரம் குடுங்கன்னு கேட்டாக்கூடக் குடுப்பாங்க. அவங்கதான் சூடா வச்சிருக்காங்களே. டீச்சரம்மா நடுத்தெருவுல நிக்கறாங்க."

சொட்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"நான் சொன்னது தப்புதான். குளிர்ல வண்டியை ஓடவிடறவன் முட்டாள் இல்லே. அணைச்சு வச்ச நான்தான் முட்டாள். அந்த ஆள் யாரா இருந்தாலும் சரி, காலைத் தொட்டுக் கேக்கறேன். டீசலும் என் செலவு. டீச்சர் சாமானை இறக்கிட்டுத் திரும்ப எவ்வளவு வேணும்னு நேத்து என் வண்டிக்கு அளந்து ஊத்தினேனே, அந்த மாதிரி இல்லாம, தொட்டி நிறைய ஊத்திக் குடுக்கறேன்."

வாட்ச்மேன்கூட மப்ளரை விலக்கித் திரும்பிப் பார்த்தார். "போங்க சார்" என்றார். "நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு."

சொட்டு பனிக்குள் நடந்தார். மனைவி பின்னால் நடந்தாள். செயலாளரும் மற்றவர்களும் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பின்தொடர்ந்தார்கள். சத்தம் நெருங்கி வந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாக ஒரு வண்டியின் உருவம் மங்கலாகத் தெரிந்தது.

அப்போது 'டட டட... டட... ட' என்று இழுத்து, அந்தச் சத்தம் நின்றுபோனது.

"ஐயோ, அணைச்சிட்டாரே!" என்று பதறி வேகத்தைக் கூட்டினார் சொட்டு.

வண்டியின் கதவு திறந்தது. குல்லாவும் கம்பளிச் சட்டையும் அணிந்த ஓர் உருவம், மெத்தை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி இறங்கி வந்தது. பின்பக்கத் தொட்டியில் ஒரு புதுக் கயிற்றுக் கட்டு பனி பூத்துக் கிடந்தது.

"அப்பா!" என்றாள் மனைவி.

மாமனார் கண்ணைக் கசக்கிக்கொண்டு இவர்களையும், இவர்களுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்தார். காற்று லேசாக வீசி மூடுபனி விலகியது. வாசலில் குறுக்கே நின்ற வண்டி அவர் கண்ணில் பட்டது.

"அது கீழ்வீட்டு மெக்கானிக் உதிரி பாகத்துக்காக ராத்திரி இழுத்துட்டு வந்த பம்பில்லாத வண்டியாச்சே! அதுக்கு எதுக்கும்மா நம்ம வீட்டுப் போர்வை?"

சொட்டு வாசலைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற வண்டியைப் பார்த்தார். மனைவிதான் கேட்டாள்.

"அப்போ நம்ம வண்டி?"

"இதோ இதுதான். மாப்பிள்ளைக்குக் காலையில கஷ்டமில்லாம இருக்கட்டுமேன்னு இருட்டுலயே வந்து கிளப்பி, புகை யார் வீட்டு ஜன்னலுக்குள்ளயும் போகக்கூடாதேன்னு இந்தக் கோடிக்குக் கொண்டுவந்து ஓடவிட்டேம்மா; ஹீட்டர் சுகத்துல அப்படியே கண்ணசந்துட்டேன், இப்போ டீசல் தீர்ந்து நின்னதும்தான் முழிப்பே வந்தது."